62-ஆவது பெயர்: ஐஸ் ஹாக்கி டிராஃப்ட் என்றால் என்ன?

2022 ஜூலை 7. மான்ட்ரியல் நகரத்தின் பெல் சென்டர் அரங்கம் நிரம்பியிருந்தது. அன்று ஆட்டம் எதுவும் இல்லை. பனிக்கட்டித் தளம் இருக்க வேண்டிய இடத்தில் 32 மேசைகள், ஒவ்வொரு மேசையைச் சுற்றிலும் ஓர் அணியின் அதிகாரிகள், எதிரே ஒரு மேடை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், சுருக்கமாக என்ஹெச்எல், அந்த ஆண்டின் புதிய இளைஞர்களை அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் நாள் அது.

முதல் பெயரைச் சொல்லும் உரிமை உள்ளூர் அணியான மான்ட்ரியல் கனேடியன்ஸுக்கே கிடைத்திருந்தது. ஷேன் ரைட் என்ற கனடியப் பையனைத்தான் எடுப்பார்கள் என்று பலரும் நம்பியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மேடையில் ஒலித்ததோ யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயர். ஸ்லோவாக்கியா நாட்டுக்காரர், ஆறடி மூன்று அங்குல உயரம், வயது 18. தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த நான் எழுந்தே நின்றுவிட்டேன். அன்று இரவு முழுக்க நண்பர்களோடு அதே பேச்சு.

மறுநாள் மீதிச் சுற்றுகள் நடந்தன. 62-ஆவது பெயராக லேன் ஹட்சன் என்ற அமெரிக்கப் பையனைக் கனேடியன்ஸ் எடுத்தது. ஆறடிக்காரர்கள் நிறைந்த இந்த ஆட்டத்தில் மிகச் சிறிய உருவம். அந்தப் பெயரைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை. மூன்றே ஆண்டுகளில், 2025-இல், லீக்கின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அந்த ஹட்சன் கைக்கு வந்தது.

முதல் பெயருக்கு அத்தனை ஆரவாரம், 62-ஆவது பெயருக்கு ஏன் அத்தனை அமைதி? அதைப் புரிந்துகொண்டால் டிராஃப்ட் ஓரளவு புரிந்துவிடும். ஐஸ் ஹாக்கியை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக அடியிலிருந்தே சொல்கிறேன்.

ஏலம் கிடையாது, வரிசைதான்

ஐபிஎல் ஏலம் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். யார் அதிகத் தொகை கேட்கிறார்களோ அவர்களுக்கு வீரர். டிராஃப்டில் விலையே பேசுவதில்லை. அணிகள் ஒரு வரிசையில் நிற்கின்றன. தன் முறை வந்ததும் ஒவ்வோர் அணியும் மிச்சமிருக்கும் இளைஞர்களில் ஒருவரின் பெயரைச் சொல்கிறது. சொன்னால் முடிந்தது, அந்த இளைஞரோடு ஒப்பந்தம் பேசும் உரிமை என்ஹெச்எல்லில் வேறு எந்த அணிக்கும் கிடையாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள், மொத்தம் 224 பெயர்கள்.

வரிசையில் யார் முன்னால் நிற்பது? கடந்த பருவத்தில் மோசமாக ஆடிய அணி. லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி கடைசியில், 32-ஆவது இடத்தில். தோற்றவருக்கு முதல் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். பணமும் பெயரும் உள்ள இரண்டு மூன்று அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் இதன் நோக்கம்.

முன்பு அப்படித்தான் நடந்தது. டிராஃப்ட் வருவதற்கு முன்னால், என்ஹெச்எல் அணிகள் ஊர் ஊராக இளையோர் அணிகளுக்குப் பண உதவி செய்து, அங்கே ஆடும் பிள்ளைகளை அப்படியே தங்களுடையவர்களாக்கிக்கொண்டன. பாபி ஓர் என்ற மகத்தான தடுப்பாட்டக்காரர் பாஸ்டன் அணிக்குக் கையெழுத்துப் போட்டபோது அவருக்கு வயது 14. இந்த முறையை மெல்ல மெல்ல ஒழிப்பதற்காக 1963-இல் மான்ட்ரியலின் குயின் எலிசபெத் ஹோட்டலில் முதல் டிராஃப்ட் நடந்தது. 21 பேர் மட்டுமே தேர்வானார்கள். முதல் பெயர் கேரி மோனகன், எடுத்தது கனேடியன்ஸ். அப்போது அதை ஒரு பெரிய நிகழ்ச்சியாக யாரும் நினைக்கவில்லை. இன்று அது நேரலையாக ஒளிபரப்பாகிறது.

தேர்வாக ஒரு வயதுக் கணக்கு உண்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்டன் மேத்யூஸ் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டே நாள் தள்ளிப் பிறந்ததால் 2015-இல் அவருக்கு வாய்ப்பில்லை. அடுத்த ஆண்டு வந்தார், முதல் பெயராக டொராண்டோ எடுத்தது. இரண்டு நாள் முன்னால் பிறந்திருந்தால் அவர் வேறு ஊர்க்காரர்களின் நாயகனாகியிருப்பார்.

தேர்வானவர் மறுநாளே களத்தில் இறங்கிவிடுவார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலோர் தாங்கள் ஆடிக்கொண்டிருந்த இளையோர் லீக்குக்கோ பல்கலைக்கழக அணிக்கோ ஐரோப்பியக் கிளப்புக்கோ திரும்பிப் போகிறார்கள். இரண்டு, மூன்று, சில சமயம் ஐந்து ஆண்டுகள்கூட அங்கே வளர்கிறார்கள். இப்படி ஓர் அணியின் உரிமையில் இருந்துகொண்டு வெளியே வளர்ந்துகொண்டிருப்பவரைத்தான் ரசிகர்கள் "புராஸ்பெக்ட்" என்கிறார்கள். எந்த நேரத்திலும் ஓர் அணிக்கு இப்படி இரண்டு மூன்று டஜன் பேர் இருப்பார்கள். மேலே ஆடும் அணி ஒன்று, வளர்ந்துகொண்டிருக்கும் அணி ஒன்று என்று ரசிகனுக்கு எப்போதும் இரண்டு அணிகள்.

குலுக்கல்

தோற்றவருக்கு முதல் பந்தி என்றால், வேண்டுமென்றே தோற்கலாமே என்ற சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். லீக்குக்கும் வந்தது. அதனால் 1995 முதல் மேல் இடங்களைக் குலுக்கலில் தீர்மானிக்கிறார்கள்.

பிளேஆஃப் எனப்படும் இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெறாத 16 அணிகள் இந்தக் குலுக்கலில் கலந்துகொள்கின்றன. 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகளை ஓர் இயந்திரத்தில் சுழலவிட்டு நான்கை எடுப்பார்கள். நான்கு எண்கள் சேர்ந்து வரக்கூடிய வகைகள் 1,001. ஒன்றைத் தள்ளிவிட்டு மீதி ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். கடைசி இடத்து அணிக்கு 185, அதாவது 18.5 சதவீத வாய்ப்பு. மேலே போகப்போக வாய்ப்பு குறையும். முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும்தான் குலுக்கல் என்பதால் கடைசி அணி எப்படியும் மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்காது. குலுக்கலில் வென்ற அணியும் பத்து இடத்துக்கு மேல் தாவ முடியாது. அதனால் இந்த 16-இல் தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து அணிகள் வென்றாலும் முதல் இடத்தைத் தொட முடியாது, அந்த இடம் கடைசி அணியிடமே தங்கிவிடும். இதையும் சேர்த்தால் கடைசி அணிக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம்.

நான்கில் ஒன்று என்று பாருங்கள். ஒரு பருவம் முழுக்கத் தோற்றாலும் நான்கில் ஒரு வாய்ப்புத்தான். 2025-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் 3.5 சதவீத வாய்ப்போடு டிராஃப்ட் வரிசையில் பத்தாம் இடத்தில் இருந்தது. பந்துகள் அவர்கள் பக்கம் விழுந்தன. முதல் இடத்துக்குத் தாவி மேத்யூ ஷேஃபர் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தார்கள்.

"இந்த வருஷம் தோற்கட்டும், நல்ல பையன் கிடைப்பான்" என்று சொல்லும் ரசிகர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்மண்டன் 2010, 2011, 2012 மூன்று ஆண்டுகளும் முதல் பெயரைச் சொன்னது. ஆனாலும் 2007 முதல் 2016 வரை ஒருமுறைகூட அது பிளேஆஃப் பார்க்கவில்லை. 2015-இல் நான்காவது தடவையாக முதல் இடம் கிடைத்து, கானர் மெக்டேவிட் என்ற தலைமுறைக்கு ஒருவரான ஆட்டக்காரர் வந்த பிறகும் உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. தோல்விக்குப் பழகிப்போன ஓர் அணியில் 18 வயதுப் பையனை இறக்கிவிட்டு "காப்பாற்று" என்றால் அவன் என்ன செய்வான்?

பதினெட்டு வயதில் எதைப் பார்ப்பது?

ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஒரு பக்கம் ஆறு பேர். கோல் காப்பவரைக் கோலி என்பார்கள். அவருக்கு முன்னால் தடுப்பாட்டக்காரர்கள் இருவர். முன்னால் தாக்குதலுக்கு மூவர்: நடுவில் சென்டர், இருபுறமும் விங்கர்கள். அடிப்பது பந்தை அல்ல, பக் எனப்படும் தட்டையான ரப்பர் வட்டை. கோல் அடித்தவருக்கும், அதற்குக் கடைசியாகப் பக்கைக் கொடுத்த இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. இந்தப் புள்ளிகளைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள்.

ஆனால் புள்ளி எங்கே எடுத்தது என்பதைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2022-இல் ரைட் கனடாவின் ஒன்டாரியோ இளையோர் லீக்கில் 63 ஆட்டங்களில் 94 புள்ளிகள் எடுத்திருந்தார். ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஃபின்லாந்தில் 31 ஆட்டங்களில் எடுத்தது 10 புள்ளிகள். எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆனால் ரைட் ஆடியது தன் வயதுப் பையன்களோடு. ஸ்லாஃப்கோவ்ஸ்கி ஆடியது முப்பது வயது கடந்த, அதையே பிழைப்பாகக் கொண்ட ஆண்களோடு. அதே குளிர்காலத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்லோவாக்கியாவுக்காக 7 ஆட்டங்களில் 7 கோல் அடித்து, தொடரின் மதிப்புமிக்க வீரராகத் தேர்வானார். அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் அது. அப்போது அவருக்கு 17 வயதுதான்.

ரைட் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கோவிட் காரணமாக ஒன்டாரியோ லீக்கின் 2020-21 பருவம் நடக்கவே இல்லை. பதினேழு வயதில் ஓர் ஆண்டு ஆட்டமே இல்லாமல் போவது சாதாரண இழப்பல்ல. கடைசியில் அவர் நான்காவது பெயராக சியாட்டிலுக்குப் போனார்.

இதையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து எழுதுபவர்கள் ஸ்கவுட்டுகள். சின்னச் சின்ன ஊர்களின் குளிர்ந்த அரங்குகளில் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். கோல் அடிப்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர்கள் பார்ப்பது வேறு: சறுக்கும்போது முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, பக் வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறானா, பக்கைப் பறிகொடுத்த அடுத்த நொடி என்ன செய்கிறான், அடி வாங்கிய பின் அடுத்த தடவையும் அதே மூலைக்குள் போகிறானா. லீக்கின் மத்திய ஸ்கவுட்டிங் பிரிவு தரவரிசைப் பட்டியல்கள் வெளியிடும். வட அமெரிக்கர்களுக்குத் தனி, ஐரோப்பியர்களுக்குத் தனி, கோலிகளுக்குத் தனி. டிராஃப்டுக்குச் சில வாரம் முன்பு பஃபலோ நகரில் உடற்பயிற்சிச் சோதனைகளும் நேர்காணல்களும் நடக்கும். அங்கே யாரும் சறுக்கவே மாட்டார்கள். நின்ற இடத்தில் மிதிவண்டி மிதிக்கவைத்து மூச்சையும் காலையும் அளப்பார்கள், அணி அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள்.

இவ்வளவு செய்தும் தவறுகிறார்கள். அதை நான் திறமைக் குறைவாகப் பார்க்கவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு பையன் இரண்டங்குலம் வளரலாம், வளராமல் போகலாம். முழங்கால் கிழியலாம். ஊரைவிட்டு வந்த ஏக்கத்தில் ஆட்டம் சுருங்கலாம். நல்ல பயிற்சியாளர் கையில் விழலாம், விழாமலும் போகலாம். ஸ்கவுட் எழுதுவது இன்றைய பையனைப் பற்றி அல்ல, ஏழு ஆண்டு கழித்து வரப்போகும் ஓர் ஆணைப் பற்றி.

2012 டிராஃப்டைப் பாருங்கள். முதல் பெயர் நயில் யகுபோவ். 2018-க்குப் பிறகு அவர் என்ஹெச்எல்லில் இல்லை. 19-ஆவது பெயர் கோலி ஆந்த்ரே வசிலெவ்ஸ்கி. தம்பா பே அணிக்கு 2020, 2021 என இரண்டு ஸ்டான்லி கோப்பைகள் வாங்கிக் கொடுத்தவர். அதே டிராஃப்டின் 130-ஆவது பெயர் கானர் ஹெல்லபக். டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெஸா என்ற வெயில் ஊரின் இளையோர் அணிக் கோலி அவர். 2025-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை அவருக்குத்தான்.

கோலிகள் விஷயத்தில் தொடக்க ரசிகர்கள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஹெல்லபக் 130, நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஷெஸ்டெர்கின் 118, அவருக்கு முன்னால் அதே வலையைக் காத்த லுண்ட்க்விஸ்ட் 205. தடுப்பாட்டக்காரர்களும் தாமதமாகவே கனிவார்கள். முன்வரிசை ஆட்டக்காரர்கள்தான் சீக்கிரம் தெரிந்துவிடுவார்கள்.

கடைசிச் சுற்றுக் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது டெட்ராய்ட்டினுடையது. அதன் ஐரோப்பிய ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன், ரஷ்யாவில் வேறொரு பையனைப் பார்க்கப் போன இடத்தில் எதிரணியில் ஆடிய ஒரு மெலிந்த இளைஞனைக் கவனித்தார். அவர்தான் பாவெல் தத்ஸ்யுக், 1998-இன் 171-ஆவது பெயர். மறு ஆண்டு 210-ஆவது பெயராக ஸ்வீடனின் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க். 2008-இல் டெட்ராய்ட் கோப்பை வென்றபோது அணியின் முதுகெலும்பு இந்த இருவர்தான்.

மான்ட்ரியலின் பழைய காயம்

2022-க்கு முன்பு கனேடியன்ஸ் கடைசியாக முதல் பெயரைச் சொன்னது 1980-இல். அதுவும் சொந்த ஊரில், மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில். அந்த ஆண்டுதான் டிராஃப்டை முதல்முறையாகப் பொதுமக்கள் பார்க்க ஓர் அரங்கில் வைத்தார்கள். மான்ட்ரியலில் வளர்ந்து, மான்ட்ரியல் ஜூனியர்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த டெனி சவார் அங்கே இருந்தார். கனேடியன்ஸ் அவரை விட்டுவிட்டு டக் விக்கன்ஹைசரை எடுத்தது. மூன்றாவது பெயராகச் சவாரை எடுத்தது சிகாகோ. அவர் 1,338 புள்ளிகள் குவித்து ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். விக்கன்ஹைசர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் ஊர் அவரை அவருடைய ஆட்டத்தால் அளக்கவில்லை, சவாரின் ஆட்டத்தால் அளந்தது. இருபது வயதுப் பையனுக்கு அது பெரிய பாரம். அவர் 1999-இல், முப்பதுகளிலேயே, புற்றுநோயால் இறந்துபோனார். இன்றும் முதல் பெயர் பற்றிய விவாதம் சூடாகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

அதே அணிக்கு இனிமையான கதையும் உண்டு. 1970-இல் பொது மேலாளர் சாம் பொல்லாக், கலிஃபோர்னியா அணியோடு ஒரு பரிமாற்றம் செய்து அவர்களுடைய அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையை வாங்கிக்கொண்டார். 1971-இல் கலிஃபோர்னியா கடைசி இடத்தில் முடிந்தது. முதல் பெயரைச் சொல்லும் உரிமை கனேடியன்ஸிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் சொன்ன பெயர் கீ லாஃப்லூர். ஐந்து ஸ்டான்லி கோப்பைகள் வந்தன.

இங்கே தொடக்க ரசிகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: டிராஃப்டில் நிற்கும் இடமே ஒரு நாணயம். அதை விற்கலாம், வாங்கலாம், வருங்கால ஆண்டின் இடத்தைக்கூட இன்றே கொடுத்துவிடலாம். ஸ்லாஃப்கோவ்ஸ்கியை எடுத்த அதே மாலையில் கனேடியன்ஸ் தடுப்பாட்டக்காரர் ரொமானோவைக் கொடுத்து 13-ஆவது இடத்தை வாங்கி, அந்த இடத்தையே சிகாகோவுக்குக் கொடுத்து சென்டர் கிர்பி டாக்கை வாங்கியது. 2025-இல் 16, 17 ஆகிய இரண்டு இடங்களையும் எமில் ஹைனமன் என்ற விங்கரையும் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து நோவா டாப்சன் என்ற தேர்ந்த தடுப்பாட்டக்காரரை அழைத்து வந்தது. முதல் சுற்றில் புதுப் பெயர் ஒன்றும் வரவில்லையே என்று அன்று வருந்தியவர்கள் உண்டு. என் பார்வையில் அது சரியான வியாபாரம். இரண்டு "ஒருவேளை"களைக் கொடுத்து ஓர் "ஆம்" வாங்கினார்கள்.

என் அணியைப் பற்றி

இனி என் அபிப்பிராயங்கள். கனேடியன்ஸ் ரசிகன் பேசுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2021-இல் இந்த அணி ஸ்டான்லி கோப்பை இறுதிவரை போனது. மறு பருவமே லீக்கில் கடைசி இடம், 32-க்கு 32. அங்கிருந்து எழுந்து 2025-இல் மறுபடி பிளேஆஃப் வந்து, முதல் சுற்றில் வாஷிங்டனிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்றது. இந்த மூன்று ஆண்டு ஏற்றத்தைக் கட்டியவர்கள் எந்தெந்த வழியாக வந்தார்கள் என்று பார்த்தால் டிராஃப்ட் பற்றிய பாடம் முழுவதும் அதிலேயே கிடைக்கும்.

அணித் தலைவர் நிக் சுசுகி, 2017-இன் 13-ஆவது பெயர். எடுத்தது மான்ட்ரியல் இல்லை, வேகாஸ். பரிமாற்றத்தில் வந்தார். 2024-25 பருவத்தில் 89 புள்ளிகள். கண்ணைப் பறிக்கும் வேகம் அவருக்குக் கிடையாது. ஆனால் பக் அவர் மட்டையில் இருக்கும்போது ஆட்டம் முழுவதுமே நிதானமாகிவிடுவதுபோல் இருக்கும். மற்றவர்கள் அவசரப்பட்டுச் செய்வதை அவர் யோசித்துச் செய்கிறார். இந்த அணியில் ஒருவரைக்கூட மாற்றக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டால் முதல் பெயர் அவர்தான்.

கோல் காஃபீல்ட், 2019-இன் 15-ஆவது பெயர். ஐந்தடி ஏழங்குலம். அந்த ஆண்டு அமெரிக்க 18 வயதுக்குட்பட்டோர் அணிக்காக 64 ஆட்டங்களில் 72 கோல் அடித்தவர். அப்படிப்பட்டவர் 15-ஆவது இடம்வரை கிடைத்தார் என்றால் ஒரே காரணம் உயரம்தான். 2024-25-இல் 37 கோல். உயரத்தைப் பார்த்து அவரைத் தாண்டிப் போன அணிகள் என்ன நினைத்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் முதல் பருவம் 39 ஆட்டங்களில் 10 புள்ளிகளோடு, காயத்தில் முடிந்தது. "வீணாய்ப் போன தேர்வு" என்று சொன்னவர்கள் பலர். இரண்டாம் பருவத்தில் 82 ஆட்டம், 20 கோல், 50 புள்ளி. மூன்றாவதில் 51. முதல் பெயருக்கு இது போதுமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: அவரை மெக்டேவிட்டோடு ஒப்பிடாதீர்கள். சுசுகிக்கும் காஃபீல்டுக்கும் பக்கத்தில், மூலைக்குள் புகுந்து மற்றவர் உடம்பைத் தாங்கிப் பக்கை மீட்டுத் தர அவரைப் போன்ற ஒருவர் இல்லாவிட்டால் அந்த இருவரின் நுட்பமும் பாதியாகிவிடும். மூன்றாவதாக அரிசோனா எடுத்த லோகன் கூலி 2024-25-இல் 65 புள்ளிகள் எடுத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அன்று எழுந்து நின்று கத்திய நான், இன்று அந்தத் தேர்வின் பக்கம்தான் நிற்கிறேன்.

ஹட்சனிடம் வருவோம். 2024-25-இல் 66 புள்ளிகள். அதில் 60 பிறர் கோலுக்கு வழிசெய்தவை; புதுமுகத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதுவரை எட்டியிருந்த அதிகபட்ச எண்ணைச் சமன்செய்தார். அவர் ஆடுவதைப் பார்க்க வேண்டும். எதிராளி நெருங்கும்போது தோளை ஒரு பக்கம் சாய்த்து, இடுப்பை மறுபக்கம் திருப்பி, அவர் எந்தப் பக்கம் போவார் என்று கண்டுபிடிப்பதற்குள் கடந்து போய்விடுவார். உடம்பு சிறியது என்பதால் சிறுவயதிலிருந்தே மோதாமல் தப்பிக்கக் கற்றுக்கொண்ட ஆட்டம் அது. 2022-இல் கனேடியன்ஸிடம் 1, 26, 33 ஆகிய இடங்களும் இருந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஹட்சனை எடுத்த அணியே மூன்று தடவை அவரைத் தாண்டிப் போய்விட்டுத்தான் நான்காவது தடவை எடுத்தது.

இவர்கள் எல்லோருக்கும் பயிற்சியாளர் மார்ட்டின் சான் லூயி. உயரம் போதாது என்று அவரை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. அப்படி வெளியே நின்றவர் 2004-இல் தம்பா பே அணியோடு கோப்பை வென்று, அதே ஆண்டு ஹார்ட் கோப்பையும் வாங்கி, 1,000 புள்ளிகளைத் தாண்டி, 2018-இல் புகழ்மண்டபம் போனார். காஃபீல்டுக்கும் ஹட்சனுக்கும் இவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் யார்?

இன்னும் முடிவு தெரியாத ஒரு விவாதமும் இருக்கிறது. 2023-இல் ஐந்தாவது இடத்தில் கனேடியன்ஸ் ஆஸ்திரியத் தடுப்பாட்டக்காரர் டேவிட் ரைன்பாக்கரை எடுத்தது. ரஷ்யாவின் மத்வேய் மிச்கோவ் அப்போது மிச்சமிருந்தார். ஏழாவதாக அவரை எடுத்த ஃபிலடெல்ஃபியாவுக்கு முதல் பருவத்திலேயே 26 கோல், 63 புள்ளிகள் தந்தார். ரைன்பாக்கரோ 2024 இலையுதிர்காலத்தில் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. நான் மிச்கோவை விரும்பினேன், இன்றும் மறைக்க மாட்டேன். ஆனால் மேலே சொன்னேனே, தடுப்பாட்டக்காரர்கள் தாமதமாகக் கனிவார்கள் என்று; அந்த அளவுகோலை ரைன்பாக்கருக்கு மட்டும் மறுப்பது நியாயமில்லை. விக்கன்ஹைசருக்குச் செய்ததை இன்னொரு பையனுக்குச் செய்ய எனக்கு மனமில்லை. அடுத்த ஆண்டே இன்னொரு ரஷ்யரான இவான் டெமிடோவ் ஐந்தாம் இடம்வரை கிடைக்க, இந்தத் தடவை அணி தயங்கவில்லை. 2025 ஏப்ரலில் சிகாகோவுக்கு எதிரான தன் முதல் ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே ஒரு கோல் அடித்தார், இன்னொரு கோலுக்கு வழிசெய்தார். பெல் சென்டர் அன்று எழுப்பிய சத்தம் தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கே சிலிர்த்தது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களிடம் நான் ஒன்று செய்யச் சொல்வேன். முதல் சுற்றுப் பெயர்களை எல்லோரும் பின்தொடர்வார்கள், அவர்களைப் பற்றிய செய்தி தானாகவே உங்களை வந்தடையும். நீங்கள் மூன்றாம் சுற்றுக்குப் பிறகு ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் எந்த ஊரில் ஆடுகிறான், எத்தனை நிமிடம் களத்தில் விடுகிறார்கள், தோல்விக்கு அடுத்த ஆட்டத்தில் எப்படி ஆடுகிறான் என்று நான்கைந்து ஆண்டு பாருங்கள். 2023 டிராஃப்டில் நான் பிடித்துக்கொண்ட பெயர் மூன்றாம் சுற்றுக் கோலி ஜேக்கப் ஃபவ்லர், 69-ஆவது பெயர். பாஸ்டன் கல்லூரிக்காக அவர் ஆடிய ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

2025-இலிருந்து நான் குறித்து வைத்திருப்பது எல்.ஜே. மூனி. நான்காம் சுற்று, 113-ஆவது பெயர். 2022-இல் மூன்றாவதாகப் போன அந்த லோகன் கூலியின் உறவுக்காரப் பையன். மினசோட்டா பல்கலைக்கழக வழியைத் தேர்ந்திருக்கிறான். உயரம் ஐந்தடி ஏழங்குலம்.